ஹோல்டிங்: கையைப் பார்ப்பதா, காலைப் பார்ப்பதா?

டாக்கிள்_அப்பா

வணக்கம். இங்கே பெரும்பாலும் கிரிக்கெட் இழைகள்தான் ஓடும் என்று தெரியும். ஆனாலும் அமெரிக்கக் கால்பந்து பார்க்கிறவர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். போன சூப்பர் பௌல் சமயத்தில் விடிய விடியச் சண்டை போட்டதைப் பார்த்தேன். அந்தத் தைரியத்தில் கேட்கிறேன்.

டாலஸுக்கு வடக்கே இருக்கிறோம். மகன் ஒன்பதாம் வகுப்பு, பள்ளி அணியில் லெஃப்ட் டாக்கிள், அதாவது பந்தை வீசுகிற குவாட்டர்பேக்குக்கு இடது பக்கம் முன்னால் நின்று எதிராளியைத் தடுக்கிற (பிளாக் பண்ணுகிற) ஆள். ஆறடி, 95 கிலோ. எங்கள் இரண்டு வீட்டிலும் இப்படி ஒரு உடம்பு கிடையாது, எங்கிருந்து வந்தது என்று அவன் பாட்டிக்கே ஆச்சரியம்.

போன வியாழக்கிழமை ஆட்டத்தில் அவன்மேல் இரண்டு முறை ஹோல்டிங் கொடி விழுந்தது, எதிராளியைப் பிடித்து நிறுத்தினான் என்று நடுவர் வீசுகிற கொடி. முதல் கொடியில் எங்கள் பையன் 40 யார்டு ஓடி எடுத்த டச்டவுன் போயே போச்சு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் "யாரு அந்த 72?" என்று சத்தமாகக் கேட்டார். 72 என் மகனின் ஜெர்சி எண். நான் செல்போனைப் பார்த்துக்கொண்டேன். அதே ஆட்டத்தில் எதிரணிப் பையன் ஒருவன் எங்கள் ஆளின் ஜெர்சியைப் பிடித்துத் தொங்குகிறான், நடுவர் பார்த்துக்கொண்டே நிற்கிறார், கொடி வரவில்லை.

காரில் வரும்போது மகன் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போதுதான் கேட்டான்: "எல்லா பிளேயிலும் ஒரே மாதிரிதான்ப்பா பிளாக் பண்றேன். இந்த ரெண்டு மட்டும் எப்படித் தப்பாச்சு?" எனக்குப் பதில் தெரியவில்லை. விதியைத் தேடிப் படித்தால் பிடிக்கக் கூடாது என்கிறது. டிவியைப் போட்டால் எல்லோரும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்படியானால் எதுதான் ஹோல்டிங்?

ஞாயிறு_சோபா

ரொம்ப எளிது. ஒவ்வொரு பிளேயிலும் (பந்து ஒரு தடவை கிளம்பி நிற்கிற வரை) ஹோல்டிங் இருக்கிறது. நடுவருக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது கொடி வரும். 2023 சூப்பர் பௌல் ஞாபகம் இல்லையா? 35-35, ஆட்டம் முடிய 1 நிமிஷம் 54 நொடி, அதுவரை எதுவும் கண்ணில் படாதவருக்கு அப்போது மட்டும் ஹோல்டிங் தெரிந்தது. ஈகிள்ஸ் கதை முடிந்தது.

பிட்ஸ்பர்க்_மச்சான்

சோபா, நீ சொல்வது வேறு ஹோல்டிங். அது டிஃபென்ஸ், அதாவது பந்து இல்லாத அணி, பண்ணியது. ஈகிள்ஸின் பிராட்பெரி, சீஃப்ஸின் ஸ்மித்-ஷூஸ்டரின் ஜெர்சியை இழுத்தார். அதற்கு என்.எஃப்.எல்.லில் (தொழில்முறை லீகில்) 5 யார்டும் தானாக ஒரு ஃபர்ஸ்ட் டவுனும், அதாவது 10 யார்டு எடுக்க மறுபடி நாலு வாய்ப்பு. அந்த ஃபர்ஸ்ட் டவுன்தான் ஈகிள்ஸைக் கொன்றது, நேரத்தை ஓட்டிவிட்டு 8 நொடி மிச்சம் வைத்து சீஃப்ஸின் பட்கர் ஃபீல்ட் கோல் அடித்தார், 38-35. ஆட்டம் முடிந்ததும் பிராட்பெரியே வாயால் ஒத்துக்கொண்டார், ஆமாம் இழுத்தேன், விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன் என்று. இழுத்தவனே சரி என்கிறான், உனக்கு மட்டும் இன்னும் வலிக்கிறது.

டாக்கிள் அப்பா கேட்பது ஆஃபென்ஸில், அதாவது பந்து வைத்திருக்கிற அணியில், இருக்கிற பிளாக்கர் எதிராளியைப் பிடிப்பது. அது 10 யார்டு பின்னால் போகணும், டவுன் திரும்ப ஆடணும். முதல் டவுன் 10 யார்டு என்பது முதல் டவுன் 20 யார்டு ஆகிவிடும். சொந்த எண்ட் ஸோனுக்குள் (மைதானக் கோடியில் இருக்கிற கோல் பகுதி) பிடித்தால் எதிரணிக்கு நேரே 2 புள்ளி, பந்தும் அவர்களுக்கே.

ஞாயிறு_சோபா

சரி சரி. ஆனாலும் வலிக்கிறது.

வரிச்சட்டை

டாக்கிள் அப்பா அண்ணா, நான் 11 வருஷமாக டெக்ஸாஸில் பள்ளி ஆட்டங்களுக்கு நடுவராகக் கோடு போட்ட சட்டை மாட்டுகிறேன். முதல் நாலு வருஷம் லைன் ஜட்ஜ் (ஓரத்தில் நிற்கிற நடுவர்), அப்புறம் அம்பயர். பள்ளியில் அம்பயர் என்றால் டிஃபென்ஸ் பக்கம், லைன்பேக்கர்களுக்கு நடுவே நின்றுகொண்டு, இரண்டு பக்கமிருந்தும் வருகிற கும்பலில் நசுங்காமல் தப்பிக்கிற வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் எதிரே 5 ஆஃபென்சிவ் லைன்மேன், அதாவது முன்வரிசை பிளாக்கர்கள். 10 கை. ஸ்னாப் ஆன பிறகு, அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் கிளம்பிய பிறகு, ஒரு பிளே நாலைந்து நொடிதான். 10 கையையும் பார்க்க யாராலும் முடியாது. புதுசாக வருகிற நடுவர்கள் எல்லோரும் செய்கிற முதல் தப்பு கையைத் தேடுவது. கையைத் தேடினால் எல்லா இடத்திலும் ஹோல்டிங் தெரியும், ஏனென்றால் கை எல்லா இடத்திலும்தான் இருக்கும்.

எனக்குச் சொல்லிக் கொடுத்த பெரியவர் ஒருவர், முதல் பயிற்சி நாளிலேயே "காலைப் பார்" என்றார். பிளாக்கர் எதிராளிக்கு நேர் முன்னால் நின்று, இரண்டு காலும் அகலமாக, சின்னச் சின்ன அடி வைத்து நகர்ந்துகொண்டிருந்தால் அவனுக்குப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அவனை விட்டுவிட்டு அடுத்தவனிடம் போய்விடலாம். எவனுடைய கால் குறுக்கே போகிறதோ, எவன் நின்ற இடத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டு உடம்பை மட்டும் சாய்க்கிறானோ, அவன்தான் தோற்றுப்போன பிளாக்கர். ஹோல்டிங் வருவதாக இருந்தால் அவனிடமிருந்துதான் வரும். அப்போது கையைப் பார்க்க வேண்டும். அதாவது ஸ்னாப்பில் கால், அப்புறம் தோள் யார் பக்கம் திரும்பியிருக்கிறது, கடைசியில் கை.

கை என்றாலும் பிடித்திருப்பதே தப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நெஞ்சுப் பகுதிக்குள், இரண்டு தோளுக்கு நடுவே, பிளாக்கர் எதிராளியின் ஜெர்சியைக் கொத்தாகப் பிடித்திருப்பான். பாதி பிளேகளில் இது இருக்கும். எதிராளி அப்படியே முட்டிக்கொண்டு நிற்கிறான் என்றால் அதில் ஒன்றும் இல்லை. எதிராளி ஒரு பக்கம் போக முயன்று, போக முடியாமல் தடைபடுகிறானா என்பதுதான் கேள்வி. அவன் இடுப்பு போகிறது, தோள் பின்னால் நிற்கிறது. ஜெர்சி தோள்பட்டையிலிருந்து கூடாரம் மாதிரி இழுபடுகிறது. ஓடுகிறவன் உடம்பு வெடுக்கென்று திரும்புகிறது. இதில் ஏதாவது ஒன்று தெரிய வேண்டும். என்.எஃப்.எல். விதியும் இதைத்தான் சொல்கிறது: எதிராளியைக் கணிசமாகத் தடுப்பது, அவன் போகிற பாதையை மாற்றுவது. கை உள்ளே இருந்ததா வெளியே இருந்ததா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நாங்கள் எங்களுக்குள் ஹோல்டிங்கை வகை பிரித்துப் பேசுவோம். ஜெர்சியையோ தோள்பட்டையையோ பற்றி நிறுத்துவது. கையைக் கொக்கியாக வளைத்துச் சுற்றுவது. வெடுக்கென்று இழுத்து நிலை தவறவைப்பது. ஆளைச் சுழற்றித் தரையில் போடுவது. ஓடுகிறவனைப் பிடிக்கிற மாதிரி அப்படியே கட்டிப் பிடித்துச் சாய்ப்பது. இன்னொன்று இருக்கிறது, அதுதான் பொல்லாதது. ரஷர் (குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்கிற டிஃபென்ஸ் ஆள்) நேரே முட்டித் தள்ளிக்கொண்டு வருவான், பிளாக்கர் பின்னால் விழப்போகிறான். விழும்போது சும்மா விழாமல் ரஷரின் ஜெர்சியைப் பிடித்துத் தன்மேலேயே இழுத்துப் போட்டுக்கொண்டு விழுவான். மேலே இருந்து பார்க்கிறவர்களுக்கு "ஆஹா, பிளாக்கரைச் சாய்த்துவிட்டான்" என்று தோன்றும். அடியில் கிடப்பவன்தான் திருடன்.

இதற்கு நேர் எதிராகத் தோசை திருப்புகிற மாதிரி எதிராளியை மல்லாக்கப் போட்டு மேலே விழுவதைப் பார்த்துக் கூட்டமே "ஹோல்டிங்!" என்று கத்தும். கால் ஓடிக்கொண்டே இருந்து, தள்ளித் தள்ளி விழவைத்திருந்தால் அது அருமையான பிளாக். பேன்கேக் என்பார்கள். அதற்குக் கொடி வீசினால் கோச் என்னைத் தின்றுவிடுவார், அவர் செய்வதும் நியாயம்தான்.

உங்கள் மகனுடைய இரண்டு பிளேயிலும் என்ன நடந்தது என்று எழுதுங்கள். வீடியோ இருந்தால் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஞாபகத்தில் இருந்து வேண்டாம்.

கார்னர்_சீட்

"அடியில் கிடப்பவன்தான் திருடன்". இதற்காகவே இந்த இழையைச் சேமித்து வைத்துக்கொண்டேன்.

சின்னக் கேள்வி. கபடி பார்த்து வளர்ந்த எனக்குப் பிடிப்பதுதான் விளையாட்டு. இங்கே ஏன் தப்பு? எதிராளி மட்டும் பந்து வைத்திருப்பவனைப் பிடிக்கலாமாமே?

பிட்ஸ்பர்க்_மச்சான்

கபடியில் பாடி வருபவன் ஒருவன், அவனைத்தான் பிடிக்கிறோம். இங்கேயும் அப்படித்தான், பந்து வைத்திருப்பவனைப் பிடிக்கலாம். பிளாக்கர் பிடிக்கிற ஆளிடம் பந்து இல்லையே. குறுக்கே நிற்கலாம், தள்ளலாம், முட்டலாம். கட்டிப்போடக் கூடாது. அவ்வளவுதான்.

செங்கல்_சுவர்

வரிச்சட்டை அண்ணன் சொன்னதெல்லாம் புத்தகத்தில் நன்றாக இருக்கும். நான் டிஃபென்ஸ் ரசிகன். ஒரு நல்ல ரஷர் இருந்தால் அவனைக் கழுத்தோடு கட்டிக்கொள்கிறார்கள், இடுப்பில் தொங்குகிறார்கள், கொடி வருவதில்லை. ஏன்? கொடி வந்தால் ஆட்டம் நிற்கிறது, டிவிக்காரனுக்குப் பிடிக்காது. 2019-இல் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷம் ஆஃபென்ஸ் ஹோல்டிங்கைக் கறாராகப் பிடிக்கச் சொல்லி லீகே உத்தரவு போட்டது. அதுவும் ஓட்டத்தின் பின்பக்கத்தில் பிளாக்கர் இரண்டு கையையும் விரித்து நண்டுக் கொடுக்கு மாதிரி எதிராளியைச் சுற்றிக்கொள்வான் பாருங்கள், அதைக் குறி வைத்து. அதற்கு லாப்ஸ்டர் பிளாக் என்றே பேர். முதல் இரண்டு வாரம் கொடி மழை. மூன்றாவது வாரம் வியாழக்கிழமை டைட்டன்ஸ், ஜாகுவார்ஸ் ஆட்டம். வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த குவாட்டர்பேக் டாம் பிரேடி, இத்தனை பெனால்டியா, பார்க்கவே முடியவில்லை என்று ட்விட்டரில் எழுதினார். லீக் உடனே நடுவர்களோடு போனில் பேசியது. அந்த வார இறுதியிலேயே கொடி குறைந்துவிட்டது. அடுத்த வருஷம் இன்னும் குறைந்தது. விதியில் ஒரு எழுத்து மாறவில்லை. கை மட்டும் மாறியது, நடுவர் கை.

இதற்குப் பதில் சொல்லுங்கள்.

வரிச்சட்டை

பதில் இல்லை, நீங்கள் சொல்வது நடந்ததுதான். எந்த அளவுக்குப் பிடித்தால் கொடி என்பதை லீக் வருஷத்துக்கு வருஷம் இழுத்துப் பிடிக்கிறது, தளர்த்துகிறது. 2020-இல் தெள்ளத் தெளிவாக இருந்தால் மட்டும் வீசு என்றார்கள், எண்ணிக்கை சரிந்தது. எனக்கும் இது பிடிக்காது. ஆனால் எந்த இடத்தில் பார்ப்பது, எதைப் பார்ப்பது என்பது மாறவில்லை. மாறியது எவ்வளவு போதும் என்பது மட்டும்.

இன்னொன்று, கொடி வராததற்கெல்லாம் டிவிக்காரனைச் சொல்லாதீர்கள். ஓட்டம் வலது ஓரமாகப் போகிறது, இடது கோடியில் டாக்கிள் ஒருவனை அணைத்துக்கொண்டிருக்கிறான். அணைத்தாலும் விட்டாலும் அந்த ஆளால் ஓடுகிறவனைத் தொட்டிருக்க முடியாது. நான் அதற்குக் கொடி வீச மாட்டேன். பிளே முடிந்து திரும்பி நடக்கும்போது "செவன்டி-டூ, கையை உள்ளே வை, அடுத்த தடவை விட மாட்டேன்" என்பேன். பாதிப் பேர் கேட்டுக்கொள்வார்கள். குவாட்டர்பேக் இரண்டு நொடிக்குள் பந்தை வீசிவிட்டான், ஹோல்டிங் அதற்கு அப்புறம்தான் ஆரம்பித்தது என்றாலும் அதேதான். பந்து போகிற வழியில், நடக்கிற நேரத்தில், விளைவை மாற்றுகிற மாதிரி இருக்க வேண்டும்.

ஆனால் ஆளைத் தரையில் போட்டு அமுக்கினால் மைதானத்தின் எந்த மூலையில் நடந்தாலும் வீசுவேன். அதை விட்டால் அடுத்த பிளேயில் அடிதடி.

பழைய_ஆட்டம்

நான் 80-களில் இருந்து கிளீவ்லாந்தில் இருப்பவன், வயசுக்காரன். இப்போதைய பிளாக்கர்களைப் பார்த்துப் பொருமுகிறவர்களுக்கு ஒரு விஷயம். 1978-க்கு முன்னால் என்.எஃப்.எல்.லில் பாஸ் பிளாக் பண்ணும்போது (பந்தை வீசுகிறவரைக் காக்கும்போது) கையை நீட்டவே கூடாது. முழங்கையை மடக்கி, முஷ்டியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கோழி மாதிரி முட்ட வேண்டும். 1978-இல்தான் கையை நீட்டலாம், உள்ளங்கையைத் திறந்து தள்ளலாம் என்றார்கள். கை திறந்தது. திறந்த கை துணியைப் பிடிக்காமல் இருக்குமா? இன்றைக்குத் தலைவலியாக இருக்கிற ஹோல்டிங் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பியது என்பது என் எண்ணம்.

அதற்கு முன்னாடியே, 1974-இல், ஸ்னாப் ஆகிற லைனுக்குப் பக்கத்தில் நடக்கிற ஹோல்டிங்குக்கான தண்டனையை 15 யார்டிலிருந்து 10 ஆகக் குறைத்திருந்தார்கள். பாஸ் ஆட்டம் வளரணும், புள்ளி ஏறணும் என்ற கணக்கு. செங்கல் தம்பி, உங்கள் ஆட்கள் மட்டும் யோக்கியம் இல்லை. அந்தக் காலத்து டிஃபென்ஸ் ஆட்கள் ஸ்னாப் ஆனதும் பிளாக்கரின் ஹெல்மெட்டில் பளார் என்று அறைவார்கள், காது ரீங்காரமிடும். 1977-இல்தான் அதைத் தடை செய்தார்கள்.

செங்கல்_சுவர்

அறைந்தது நேர்மையான ஆட்டம் சித்தப்பா.

சியாட்டில்_அக்கா

நான் இந்த இழைக்குள் வரக்கூடாது என்று மூன்று நாள் அடக்கிக்கொண்டு இருந்தேன்.

2006 பிப்ரவரி 5, சூப்பர் பௌல், டெட்ராய்ட். நாலாவது கால் ஆட்டம், ஸ்டீலர்ஸ் 14, நாங்கள் (சீஹாக்ஸ்) 10. ஹாசல்பெக் வீசினார், ஸ்டீவன்ஸ் பிடித்தார், எதிரணி கோட்டுக்கு ஒரு யார்டு. ஒரு யார்டு! கொடி. எங்கள் ரைட் டாக்கிள் லாக்லியர்மேல் ஹோல்டிங். அதற்குக் கொஞ்ச நேரத்தில் இன்டர்செப்ஷன் (வீசிய பந்தை எதிரணி பிடித்துக்கொண்டது), அப்புறம் எல்லாம் முடிந்தது, 21-10. அந்தப் பிளேயை எத்தனை முறை போட்டுப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஸ்டீலர்ஸ் ரஷர் ஹேகன்ஸ் வெளியே சுற்றி வருகிறார், லாக்லியர் கை அவர் தோள்மேல் இருக்கிறது. இருக்கிறது, அவ்வளவுதான்! நாலு வருஷம் கழித்து 2010-இல் அந்த ஆட்டத்தின் ரெஃப்ரி (தலைமை நடுவர்) பில் லெவி எங்கள் பயிற்சி முகாமுக்கே வந்தபோது, நாலாவது கால் ஆட்டத்தில் இரண்டு தீர்ப்பைத் தப்பாகச் சொன்னேன், அது ஆட்டத்தைப் பாதித்தது, தூக்கம் போச்சு என்கிற மாதிரி சொன்னார். எந்த இரண்டு என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியும் எது என்று.

வரிச்சட்டை தம்பி, உங்கள் கால், தோள், கை கணக்குப்படி லாக்லியர் ஹோல்டிங்கா இல்லையா? நேராகப் பதில் வேண்டும்.

பிட்ஸ்பர்க்_மச்சான்

ஹோல்டிங்தான் அக்கா :)

சியாட்டில்_அக்கா

உன்னைக் கேட்கவில்லை.

வரிச்சட்டை

அக்கா, மாட்டிவிட்டீர்களே. நேராகவே சொல்கிறேன். லாக்லியர் தோற்றுவிட்டார், ஹேகன்ஸ் அவர் வெளித்தோளைத் தாண்டிவிட்டார். அதனால் ஒரு நடுவர் அந்தக் கையைப் பார்க்கத் தொடங்குவது சரி. ஆனால் ஹேகன்ஸ் உடம்பு திரும்பவில்லை. அது பின்னால் இழுபட்டது என்றும் என்னால் கை அடித்துச் சொல்ல முடியவில்லை. எங்களுக்குள் ஒரு வழக்கம்: ஹோல்டிங்காக இருக்குமோ என்று தோன்றினால் அது ஹோல்டிங் இல்லை. நான் வீசியிருக்க மாட்டேன். ஆனால் நான் டிவியில் 20 தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அவர் ஒரு தடவை, ஒரு கோணத்தில் பார்த்தார். அந்த வித்தியாசத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோணம் என்பது சும்மா இல்லை. பக்கவாட்டுக் கேமராவில் ரஷரின் முதுகில் கை தெரியும், ஆனால் அந்தக் கை இழுக்கிறதா, சும்மா கிடக்கிறதா என்று தெரியாது. நேர் பின்னாலிருந்து எடுத்த படத்தைப் போட்டால்தான் தோள் எந்தப் பக்கம் திரும்பியது என்று தெரியும். மெதுவாக ஓட்டினால் இன்னும் மோசம். வேகத்தைக் குறைத்தால் சாதாரணமாகத் தொட்டதுகூட அணைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். என்.எஃப்.எல்.லில் ஹோல்டிங்கை ரீப்ளே பார்த்து மாற்ற முடியாது, அது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. மாற்றலாம் என்று வந்தால் ஒரு ஆட்டம் முடிய ஆறு மணி நேரம் ஆகும்.

கார்னர்_சீட்

எல்பிடபிள்யூவுக்கே மூன்று நிமிஷம் கோடு போட்டுக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் போட்டால்... வேண்டாம் சாமி.

சரி, யார் யாரைப் பார்ப்பார்கள்? நடுவர்கள் ஏழு பேர் நிற்கிறார்களே.

வரிச்சட்டை

என்.எஃப்.எல்.லில் ஏழு, கல்லூரியில் பெரிய அணிகளுக்கு எட்டு. என்.எஃப்.எல்.லில் 2010 வரை அம்பயர் நான் நிற்கிற மாதிரி டிஃபென்ஸ் பக்கம்தான் நின்றார். அடி அதிகம் பட்டதால் ஆஃபென்ஸுக்குப் பின்னால், ரெஃப்ரிக்கு எதிர்ப்பக்கம் மாற்றினார்கள். அங்கிருந்து பார்த்தால் பிளாக்கரின் முதுகுதான் தெரியும், முன்னால் கை என்ன செய்கிறது என்று தெரியாது. ஆனால் முழங்கை விரிவது, எதிராளி தோள் திரும்புவது இரண்டும் நன்றாகத் தெரியும். கல்லூரியில் அம்பயர் பழைய இடத்திலேயே இருக்கிறார், எட்டாவது ஆளாகச் சென்டர் ஜட்ஜ் பின்னால் நிற்கிறார். முன்னாலும் பின்னாலும் கண் இருப்பதால் லைனைப் பார்ப்பதில் கல்லூரி ஏற்பாடு நல்லது என்பேன்.

பொதுவாக, சென்டரும் இரண்டு கார்டும் (லைனில் நடுவே இருக்கிற மூன்று பேர்) அம்பயர் பொறுப்பு. ரெஃப்ரி ஸ்னாப்பில் குவாட்டர்பேக்கைப் பார்ப்பார் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாஸ் என்றால் அவர் கண் முதலில் எதிர்ப்பக்கத்து டாக்கிள் மேல் இருக்கும், ஆபத்து அங்கிருந்து வருவதால். ஆபத்து நெருங்கும்போதுதான் குவாட்டர்பேக்கிடம் வருவார். ஓரத்தில் நிற்கிற இருவரும் தங்கள் பக்கத்து டைட் எண்ட் (டாக்கிளுக்கு வெளியே நிற்பவர்), டாக்கிளைப் பார்ப்பார்கள். எங்கள் ஒன்பதாம் வகுப்பு ஆட்டங்களில் நாலு பேர்தான் வருவோம். நாலு பேருக்கு 22 பையன்கள். டாக்கிள் அப்பா சொன்ன ஜெர்சியைப் பிடித்துத் தொங்கியவன் விஷயம் பெரும்பாலும் அங்கேதான் விழுந்திருக்கும், இரண்டு பேருடைய பார்வைக்கு நடுவே இருக்கிற சந்தில்.

டாக்கிள்_அப்பா

எல்லோருக்கும் நன்றி. வெள்ளி, சனி இரண்டு நாளும் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். என் மனைவி எடுத்தது, எண்ட் ஸோன் பக்கம் மேலே உட்கார்ந்து எடுத்திருந்தாள், அதனால் பின்னாலிருந்து நன்றாகத் தெரிகிறது. பார்த்ததை எழுதுகிறேன்.

முதல் கொடி. ஓட்டம் எங்கள் இடது பக்கம் வெளியே போகிறது. மகன் முன்னால் எதிரணி எண்ட் பையன் (டிஃபென்ஸ் வரிசையின் கோடியில் நிற்பவன்), ஒல்லி, வேகமானவன். ஸ்னாப் ஆனதும் மகன் இரண்டு அடி நன்றாக வைக்கிறான். மூன்றாவது அடியில் வலது கால் இடது காலுக்குப் பின்னால் போகிறது. அப்படியே நின்றுவிடுகிறான். அந்தப் பையன் வெளியே பறக்கிறான். மகனின் இடது கை அவன் வலது தோளைச் சுற்றி முதுகுப் பக்கம் போகிறது. அந்தப் பையனின் இடுப்பு ஓடுகிறவன் பக்கம் போகிறது, தோள் எங்கள் பக்கம் திரும்புகிறது. ஜெர்சியின் 5 என்ற எண் கோணலாக இழுபடுவதுகூடத் தெரிகிறது. ஓடுகிறவன் சரியாக அந்த இடத்தில்தான் வெளியே திரும்புகிறான்.

காலைப் பார்க்கச் சொல்லாமல் இருந்தால் நான் இதைக் கவனித்திருக்கவே மாட்டேன். நடுவர் சரிதான்.

இரண்டாவது கொடியில் எனக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. பாஸ் பிளே. அதே பையன் வெளியே சுற்றி வருகிறான். இந்தத் தடவை மகன் கால் நன்றாகத்தான் நகர்கிறது. அந்தப் பையன் இடது கையைக் கீழே விட்டு, மகனுடைய இடது கைக்கு அடியிலிருந்து மேலே சுழற்றித் தூக்குகிறான். மகன் கை அவன் கழுத்துக்கு மேல் போய் மாட்டிக்கொள்கிறது. கழுத்தைக் கட்டிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது. கொடி.

வரிச்சட்டை

முதலாவது நீங்களே சொல்லிவிட்டீர்கள். கொக்கி. பந்து போகிற இடத்தில், கால் நின்று, தோள் திரும்பி. பாடம் எடுக்கிறபோது காட்டுகிற மாதிரியான ஹோல்டிங். நான் இருந்தால் நானும் வீசியிருப்பேன்.

இரண்டாவதுக்குப் பேர் ரிப். ரஷர்கள் வேண்டுமென்றே செய்வது, கைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினால் பிளாக்கர் கை தானாகக் கழுத்துப் பக்கம் போய்விடும். அந்த நிலையை உண்டாக்கியவன் ரஷர். அதனால் அதை மட்டும் வைத்து ஹோல்டிங் சொல்லக் கூடாது. என்.எஃப்.எல். விதிப் புத்தகத்திலேயே அது விதிவிலக்காக எழுதியிருக்கிறது. டெக்ஸாஸ் அரசுப் பள்ளிகள் கல்லூரி விதிப்படி ஆடுகின்றன, அங்கேயும் நடுவர்கள் அப்படித்தான் பழகுகிறோம். பிளாக்கர் அந்தக் கையை வைத்து ஆளைக் கீழே சாய்த்தாலோ, கால் தரையைவிட்டுப் போகிற மாதிரி இழுத்தாலோதான் வேறு கதை. அந்தப் பையன் கையை இறக்கிவிட்டு ஓட முயன்ற பிறகும் உங்கள் மகன் பிடித்துக்கொண்டே இருந்தானா?

டாக்கிள்_அப்பா

இல்லை. ரிப் பண்ணிக்கொண்டே ஓடுகிறான், மகன் கூடவே ஓடுகிறான். விழவில்லை. குவாட்டர்பேக் பந்தை வீசிவிட்டார்.

வரிச்சட்டை

அப்படியானால் அந்தக் கொடியை நான் வீசியிருக்க மாட்டேன். பக்கவாட்டிலிருந்து பார்த்தவருக்குக் கழுத்தில் கை மட்டும் தெரிந்திருக்கும். எனக்கும் முதல் இரண்டு வருஷம் இதே தப்பு நடந்திருக்கிறது. ஒரு தடவை கொடியை வீசிவிட்டு ரெஃப்ரியிடம் போனேன். "72 என்ன செய்தான்?" என்றார். "பிடித்தான்" என்றேன். "எப்படிப் பிடித்தான்?" நான் முழித்தேன். "எப்படி என்று சொல்லத் தெரியாததற்குக் கொடி எடுக்காதே" என்று சொல்லிவிட்டு, ஒரு கை மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக் கூட்டத்துக்குச் சைகை காட்டப் போய்விட்டார். அந்த 10 யார்டு என் கணக்கில்தான்.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். ரிப் வந்தால் அந்தக் கையை மூடாமல் விரல்களை விரித்து வைக்கச் சொல்லுங்கள். விரித்த கை கழுத்தருகே கிடந்தாலும் பார்க்கிறவருக்கு அது பிடியாகத் தெரியாது. முஷ்டி மூடியிருந்தால் கொடி வரும். முதல் கொடிக்கு மருந்து கையில் இல்லை, அந்த மூன்றாவது அடிதான்.

செங்கல்_சுவர்

பாருங்கள், நடுவரே பிளாக்கருக்குத் தந்திரம் சொல்லிக் கொடுக்கிறார். டிஃபென்ஸுக்கு யார் இருக்கிறார்கள்?

பழைய_ஆட்டம்

உனக்குத்தான் ஹெல்மெட்டில் அறைகிற யோசனை இருக்கிறதே.

டாக்கிள்_அப்பா

இந்த வியாழன் ஆட்டம் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம். 21-14, தோற்றுவிட்டோம். 72-மேல் கொடி இல்லை. இரண்டாவது கால் ஆட்டத்தில் ஒரு ரிப் வந்தது. நான் பந்தைப் பார்க்கவே இல்லை, மகன் கையைத்தான் பார்த்தேன். விரல் ஐந்தும் விரிந்து இருந்தது. பக்கத்தில் இருந்தவர் "ஹோல்டிங்! ரெஃப்!" என்று கத்தினார். நான் அவரிடம் ரிப் என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தேன். இடைவேளை வரை விளக்கினேன். மூன்றாவது கால் ஆட்டத்துக்கு அவர் வேறு வரிசைக்குப் போய்விட்டார்.